பார்த்தவர்: ஒருவர்

12 ஜூன்

பாப்பா அம்மாவுக்கு,

நாற்பத்தொரு நாள் வாயை மூடிக்கொண்டு இருந்தாயிற்று. இதற்கு மேலும் பேசாமல் இருந்தால் தப்பு என் பக்கம்தான் என்று ஆகிவிடும்.

நீ போனை எடுப்பதில்லை. நம் பெண் எடுத்தால் “அம்மா குளிக்கிறாங்கப்பா” என்கிறாள். ஒரு மனுஷி ஒரு நாளில் எத்தனை தடவை குளிப்பாள்? மாப்பிள்ளை எடுத்தால் இங்கே மழை உண்டா என்று விசாரிக்கிறார். மழை உண்டு. அதனால் எழுதுகிறேன்.

கப்பல் திரும்பிய அன்று, ஒரு வாரம் பாப்பா வீட்டில் இருந்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் பெட்டியை அவள் காரில் ஏற்றினாய். வாரம் என்றால் எனக்குத் தெரிந்து ஏழு நாள். எரிந்த கிடங்கையும் கவிழ்ந்த லாரியையும் பார்த்து, சேதம் எங்கே தொடங்கியது என்று இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதிக் கொடுப்பதுதான் இருபத்தெட்டு வருஷமாக என் பிழைப்பு. சொந்த வீட்டில் எங்கே தொடங்கியது என்று மட்டும் பிடிபடவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எந்த இடத்தில் என்று நீ சொல்.

கப்பல் பயணம் என் யோசனை அல்ல. நம் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு உன் தம்பி, அந்த மேதாவி, டிக்கெட் எடுத்துக் கொடுத்தான். வாழ்க்கையில ஒரு தடவையாவது ஜன்னல் வழியா கடலைப் பாருங்க அத்தான் என்றான். நம் கேபின் ஜன்னலில் தெரிந்தது உயிர்காப்புப் படகின் அடிவயிறு. அதற்கு நான் ஒன்றும் சொல்லவில்லை. குறித்துக்கொள்.

மூன்றாம் நாள், பழைய கோட்டை உள்ள துறைமுகத்தில் நிற்க வேண்டிய கப்பலைக் காற்று அதிகம் என்று சொல்லி சிமென்ட் ஏற்றும் துறைமுகத்தில் கொண்டுபோய்க் கட்டினார்கள். இறங்கியதும் சாம்பல் படிந்த குழாய்கள், கன்டெய்னர் அடுக்கு, பாதி காற்று இறங்கிய ஒரு பிளாஸ்டிக் வரவேற்பு வளைவு. கோட்டைக்குப் பதிலாக வனவிலங்குச் சுற்றுலாவாம். கையில் கொடுத்த வண்ணத் தாளில் நான்கு நீர்நாய்கள் கல்யாணப் படத்துக்கு நிற்பதுபோல் வரிசையாக நின்றன.

ஒன்றரை மணி நேரம் பஸ். ஆறு கடலில் சேருகிற இடத்தில் ஒரு பலகைக் குடில். கண் உயரத்தில் நீளமாக ஒரு பிளவு, அதன் வழியாகத்தான் பார்க்க வேண்டும். பத்து மணியிலிருந்து பார்த்தோம். சேறு, நாணல், மறுபடி சேறு. நம்மோடு பஸ்ஸில் வந்த பல் டாக்டர் உட்கார்ந்தபடியே தூங்கி என் தோளில் சாய்ந்தார். பதினொன்றரைக்கு நான்தான் எழுந்து, போதும், எல்லாரும் வெளியே வாங்க என்றேன். வந்தார்கள். நீ கழிப்பறைக்குப் போயிருந்தாய்.

பன்னிரண்டுக்கு பஸ் கிளம்பும்போது வழிகாட்டிப் பெண், அந்தத் தொப்பிக்காரி, மூச்சு வாங்க ஏறி, “நீங்க வெளிய போன பிறகு வந்துச்சு. குட்டியோட வந்துச்சு” என்றாள். நாங்க போன பிறகு டைனோசர்கூட வந்திருக்கும்மா என்றேன். பஸ்ஸே சிரித்தது. நீயும் சிரித்தாய் என்றுதான் நினைக்கிறேன்.

பஸ்ஸிலேயே புகாரை எழுதினேன். ஒன்றரை மணி நேரத்தில் ஒரு விலங்கைக்கூடப் பார்க்கவில்லை என்று இருபத்து மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள். நீயும் போட்டாய். எனக்குப் பணம் வேண்டாம். எழுத்தில் ஒரு மன்னிப்பு வேண்டும், அவ்வளவுதான்.

இதில் உன்னை எங்கே குறை சொன்னேன்? யோசித்ததில் ஒன்றே ஒன்று கிடைத்தது. பஸ் பக்கத்துக் கடையில் நீர்நாய் உருவத்தில் ஒரு காந்தம் வாங்கினாய். பார்க்காத மிருகத்துக்குக் காந்தம் எதற்கு என்று கேட்டேன். அதற்கா? மருந்துப் பையோடு அது என்னிடம் வந்துவிட்டது. பிரிட்ஜில் ஒட்டி வைத்திருக்கிறேன். என்னையே பார்க்கிறது.

துவைக்கும் எந்திரத்தில் கம்பளிக்கு எந்தப் பொத்தான் என்று தெரியவில்லை. என் ஸ்வெட்டர் இப்போது பாப்பாவின் குழந்தைக்குத்தான் ஆகும், குழந்தை என்று ஒன்று பிறந்தால்.

இப்படிக்கு,
உன் கணவன்
(முழுக் கையொப்பம், தேதி)

18 ஜூன்

பாப்பா அப்பாவுக்கு,

கடிதம் கிடைத்தது. பெண்டாட்டிக்கு எழுதும் கடிதத்தில் முழுக் கையெழுத்துப் போட்டு, அடியில் இரண்டு கோடு இழுத்து, தேதியும் எழுதுகிற ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. உறை வந்த அழகைப் பார்த்து மாப்பிள்ளை, கோர்ட்டிலிருந்தா அத்தை என்று பயந்துவிட்டார்.

போனை எடுக்காதது குளியலால் இல்லை. போனில் என் முறை வருவதே இல்லை. நான் பேச வாயெடுத்தால், ஒரு நிமிஷம் இரு, முடிச்சுடறேன் என்பீர்கள். கடிதத்தில் நான் முடிக்கிறவரை நீங்கள் சும்மா இருந்தாக வேண்டும்.

காந்தத்துக்குக் கோபித்துக்கொண்டு யாராவது வீட்டை விட்டுப் போவார்களா?

எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தெரிந்ததும் எழுதுகிறேன். ஒன்று மட்டும் கேட்கிறேன், அந்தப் புகாரை விட்டுவிடுங்கள். ஏன் என்று கேட்காமல் ஒரு தடவை விட்டுப் பாருங்கள்.

இங்கே பக்கத்து ஆய்வுக்கூடத்தில் ரத்தப் பரிசோதனை பார்க்கும் பெண் பிரசவ விடுப்பில் போயிருக்கிறாள். அவள் வரும்வரை நான் போகிறேன். மைக்ராஸ்கோப் அங்கே நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் இருப்பதைவிட நன்றாக இருக்கிறது.

கம்பளிக்குக் கடைசிப் பொத்தான். குளிர்ந்த தண்ணீர்.

27 ஜூன்

பாப்பா அம்மாவுக்கு,

ஏன் என்று கேட்காமல் விடச் சொல்கிறாய். ஏன் என்று கேட்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். இரண்டு வருஷத்துக்கு முன் எனக்கு வர வேண்டிய நாற்காலியில் அடுத்த மேஜைக்காரனை உட்கார வைத்தபோது நான் ஏன் என்று கேட்கவில்லை. நீதான் விடுங்க, விடுங்க என்றாய். விட்டேன். இன்று என் அறிக்கைக்கு மேல் அவன் கையெழுத்துப் போடுகிறான், அதிலும் எழுத்துப் பிழை திருத்திவிட்டு. இந்த முறை விடுவதாக இல்லை.

கப்பல் கம்பெனி பதில் அனுப்பியிருக்கிறது. படித்தால் உனக்கும் தலை சுற்றும். அந்தக் குடிலில் தினமும் ஒரு பதிவேடு எழுதுவார்களாம். அன்றைய பக்கத்தின் நகலை இணைத்திருக்கிறார்கள். தொப்பிக்காரியின் கையெழுத்து, கோழி கிளறியது போல. அப்படியே எழுதுகிறேன்:

“காலை 11.40. நீர்நாய் ஒன்று, குட்டி இரண்டு. ஆறு நிமிடம். பார்த்தவர்: ஒருவர்.”

யார் அந்த ஒருவர்? பதினொன்று நாற்பதுக்கு எல்லோரும் என்னோடு வெளியே நின்றார்கள். பல் டாக்டர் மட்டும் உள்ளேயே தூங்கிவிட்டாரோ என்று அவருக்கு போன் செய்தேன். கடைக்குப் பின்னால் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தேன், என் மனைவியிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கெஞ்சினார். மற்றவர்களில் ஒன்பது பேரிடம் பேசிவிட்டேன். ஒருவரும் இல்லை. அப்படியானால் அந்த ஒருவர் என்பதே கட்டுக்கதை. நெருப்புப் பிடித்த பிறகு கிடங்குக் கணக்கில் சரக்கை ஏற்றிக் காட்டுகிற வேலை. இதுபோல நூறு பார்த்திருக்கிறேன்.

இது பொய்ப் பதிவு, சாட்சி இருபத்து மூன்று கையெழுத்து என்று பதில் எழுதிவிட்டேன். நீ கழிப்பறையிலிருந்து வரும்போது அவள் தனியாக உட்கார்ந்து ஏதாவது எழுதிக்கொண்டிருந்தாளா? ஞாபகப்படுத்திச் சொல். உதவியாக இருக்கும்.

(முழுக் கையொப்பம், தேதி)

14 ஜூலை

பாப்பா அம்மாவுக்கு,

உன்னிடமிருந்து பதில் இல்லை. ஆனால் நல்ல செய்தி, அதனால் காத்திருக்காமல் எழுதுகிறேன்.

கம்பெனி மன்னிப்புக் கேட்டுவிட்டது. மேலாளரே கையெழுத்துப் போட்ட கடிதம். இருபத்து மூன்று பயணிகளின் வாக்குமூலத்தை ஏற்பதாகவும், பதிவேட்டில் பொய் எழுதிய குற்றத்துக்காக அந்த வழிகாட்டியை வேலையிலிருந்து நீக்கிவிட்டதாகவும் எழுதியிருக்கிறார்கள். காந்தத்தின் கீழ் செருகி வைத்திருக்கிறேன். நீ வந்ததும் பார்க்கலாம்.

அவளை வேலையை விட்டு அனுப்பச் சொல்லி நான் கேட்கவில்லை. அது அவர்கள் முடிவு. இருந்தாலும் நியாயம் என்று ஒன்று நடந்திருக்கிறது, வெகுநாளைக்குப் பிறகு. காலையில் டீ போட்டுக்கொண்டு அந்தக் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.

(முழுக் கையொப்பம், தேதி)

20 ஜூலை

பாப்பா அப்பாவுக்கு,

அந்த ஒருவர் நான்தான்.

நான் கழிப்பறைக்குப் போகவில்லை. நீங்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு போனதும் குடிலில் ஒரு அமைதி வந்தது. கொஞ்சம் உட்காரலாம் என்று தோன்றியது, வேறு காரணம் இல்லை. அந்தப் பெண் என்னைப் போகச் சொல்லவில்லை.

முதலில் பழைய செருப்பு ஒன்று தண்ணீரில் மிதந்து வருவது போல இருந்தது. பிறகு செருப்புக்கு மீசை தெரிந்தது. அந்தப் பெண் தன் பைனாகுலரைக் கழற்றி என் கையில் வைத்தாள். முப்பது வருஷம் கண்ணாடித் துண்டில் அடுத்தவர் ரத்தத்தைப் பார்த்த கண், சட்டென்று பிடித்துக்கொண்டது. இரண்டு குட்டிகள். ஒன்று சேற்றில் வயிற்றால் வழுக்கித் தண்ணீரில் விழுந்து, ஏறி, மறுபடி வழுக்கியது. இன்னொன்று தண்ணீருக்குப் பயந்து கரையிலேயே நின்று கத்தியது. தாய் திரும்பி வந்து அதன் பிடரியைக் கவ்வி உள்ளே இழுத்துப் போட்டாள். நான் அசையாமல் இருந்ததைப் பார்த்து அந்தப் பெண், “மூச்சு விடலாம்மா, அதுக்குக் கேக்காது” என்றாள்.

நீங்கள் எல்லோரும் வெளியே போனதால்தான் அது வந்தது. இதை உங்களைக் குத்துவதற்காக எழுதவில்லை.

உங்களிடம் சொல்லத்தான் ஓடி வந்தேன். அங்கே நீங்கள் பெஞ்சு மேல் ஏறி நின்று பேசிக்கொண்டிருந்தீர்கள். எல்லோரும் அண்ணாந்து உங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நாற்காலி கை நழுவிப் போனதிலிருந்து உங்களை அப்படி நான் பார்க்கவில்லை. முகம் அவ்வளவு தெளிவாக இருந்தது. யாருமே எதையும் பார்க்கவில்லை என்பதில் உங்களுக்கு அவ்வளவு சந்தோஷம். நான் மட்டும் பார்த்தேன் என்று அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? கடைக்குப் போய்க் காந்தம் வாங்கினேன்.

பஸ்ஸில் அவள் அதைச் சொன்னபோது என்னைப் பார்த்தாள். நீங்கள் டைனோசர் என்றீர்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். சிரிக்கவில்லை. பிறகு காகிதம் என்னிடம் வந்தது. “போடணுமா?” என்று கேட்டேன். “போடும்மா, மத்தவங்க காத்திருக்காங்க” என்று பேனாவைத் திறந்து கையில் கொடுத்தீர்கள். போட்டேன். அவள் முன் சீட்டில் திரும்பி உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உங்கள் மேல் கோபமாக இருந்தால் திட்டிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். அது கோபமில்லை. பார்த்தேன் என்ற ஒரு வார்த்தையைச் சொல்வதைவிடப் பொய்க்குக் கையெழுத்துப் போடுவது எனக்குச் சுலபமாக இருந்தது. அப்படியானால் இத்தனை வருஷத்தில் இன்னும் எதெதற்குப் போட்டிருக்கிறேன் என்று பயம் வந்துவிட்டது. அந்தப் பயத்தோடு அந்த வீட்டுக்கு வர முடியவில்லை.

இப்போது அவளுக்கு வேலை போய்விட்டது.

25 ஜூலை

உன் கடிதத்தை நான்கு முறை படித்தேன்.

பஸ்ஸில் நீ “போடணுமா” என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு ஞாபகம் இருக்கும். எனக்கு ஞாபகமறதி கிடையாது என்பது ஆபீஸில் எல்லோருக்கும் தெரியும்.

பார்த்தாய் என்பதற்கு என்ன சான்று? படம் எடுத்தாயா? நேரத்தை எப்படிக் குறித்தாய்? உன் கடிகாரம் அன்று கப்பல் நேரத்தில் இருந்ததா, கரை நேரத்திலா? அந்தப் பெண் மேல் இரக்கப்பட்டு இப்படி எழுதுகிறாயா? அல்லது முதலில் பொய், இப்போது உண்மையா? அல்லது முதலில் உண்மை, இப்போது பொய்யா? ஒரே ஆள் இரண்டு வாக்குமூலம் கொடுத்தால் நாங்கள் இரண்டையுமே எடுத்துக்கொள்ள மாட்டோம்.

மூன்று நாள் கப்பலில் பக்கத்தில் படுத்திருந்தாய். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் என்ன, கடித்தா தின்றுவிடுவேன்?

எனக்கு எதுவுமே புரியவில்லை.

(முழுக் கையொப்பம், தேதி)

2 ஆகஸ்ட்

பாப்பா அப்பாவுக்கு,

படம் இல்லை. கடிகாரம் கரை நேரத்தில் இருந்தது.

கம்பெனிக்கு நான் எழுதினேன். பதில் வந்தது. பார்த்தவர் யார் என்று அந்தப் பெண்ணிடம் விசாரணையில் கேட்டார்களாம். ஞாபகம் இல்லை என்று சொல்லிவிட்டாளாம். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு பார்த்தவள். புகார் எழுதியவரின் பெண்டாட்டி நான் என்றும் அவளுக்குத் தெரியும். ஞாபகம் இல்லையாம்.

என் ஒருத்தியின் கடிதத்தை வைத்து ஒன்றும் செய்ய முடியாது, புகாரின் முதல் கையெழுத்துக்காரர் எழுதினால் மறுபடி பார்ப்போம் என்கிறார்கள். முதல் கையெழுத்து உங்களுடையது.

எழுதுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. நான் சொல்லி நீங்கள் எழுதினால், அதுவும் பஸ்ஸில் நான் போட்ட கையெழுத்து மாதிரிதான்.

11 ஆகஸ்ட்

பாப்பா அம்மாவுக்கு,

கம்பெனிக்கு எழுதிவிட்டேன். நகல் இதனுடன் இருக்கிறது. படித்தால் நான்கு வரிதான், எழுத ஐந்து நாள் ஆயிற்று. இருபத்தெட்டு வருஷத்தில் கொடுத்த அறிக்கையை நான் திரும்ப வாங்கியதில்லை. எந்த வார்த்தையில் தொடங்குவது என்றுகூடத் தெரியவில்லை. “தீர விசாரிக்காமல்” என்று போட்டேன். அடித்தேன். மறுபடி அதையே போட்டேன். வேறு சொல் இல்லை.

முழுக் கையெழுத்து, இரண்டு கோடு, தேதி. பதிவுத் தபால். அவளை மறுபடி எடுப்பார்களா என்று எனக்குத் தெரியாது. எடுக்கவில்லை என்றால் எடுக்கிறவரை எழுதுவேன். அந்த விஷயத்தில் நான் எப்படிப்பட்டவன் என்று உனக்குத் தெரியும்.

சான்று கேட்டிருந்தேன். சான்று மூன்று மாதமாக என் பிரிட்ஜில்தான் ஒட்டியிருந்தது. எதையும் பார்க்காதவள் காந்தம் வாங்க மாட்டாள். நேற்று பால் எடுக்கப் போனபோதுதான் உறைத்தது. இதுவே வேறொருவர் கேஸாக இருந்தால் முதல் நாளே அதைத்தான் கையில் எடுத்திருப்பேன். பொருளைப் பார்த்தேன், அதைப் பற்றி உன்னிடம் நக்கலும் பேசினேன், ஆனால் கேட்கவில்லை. பார்க்காத மிருகத்துக்கு என்று நானே முடிவும் எழுதிவிட்டேன்.

பேனா விஷயமும் ஞாபகம் வந்துவிட்டது. பஸ் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியது. மூடி சீட்டுக்கு அடியில் விழுந்தது. அப்போதுதான் “போடணுமா” என்றாய். நான் மூடியைத் தேடிக்கொண்டே பதில் சொன்னேன். உன் முகத்தைப் பார்க்கவில்லை. போன கடிதத்தில் இல்லவே இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அதை இப்போது என்ன செய்வது என்று தெரியவில்லை.

பெஞ்சு மேல் நின்றபோது நான் சந்தோஷமாக இருந்தேன் என்று எழுதியிருந்தாய். ஒப்புக்கொள்கிறேன், இருந்தேன். அதுதான் எனக்குப் புரியவே இல்லை. நீர்நாய் பார்க்கப் போன மனுஷன், நீர்நாய் வரவில்லை என்பதில் ஏன் சந்தோஷப்பட வேண்டும்? ஒருவேளை அது பதினொன்று இருபதுக்கே எல்லோர் முன்னாலும் வந்திருந்தால் எனக்கு ஏமாற்றமாக இருந்திருக்குமோ என்று யோசித்தேன். இருந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது. இதை யாரிடமும் சொல்லாதே, உன் தம்பியிடம் முக்கியமாக.

நீ வரச் சொல்லி எழுதவில்லை. எழுதலாமா என்றும் தெரியவில்லை. வா என்று நான் எழுதி நீ வந்தால், அதுவும் எந்த மாதிரிக் கையெழுத்து என்று நீ கேட்பாய். கம்பளிக்குக் கடைசிப் பொத்தான் சரியாக வேலை செய்கிறது. மைக்ராஸ்கோப் நன்றாக இருப்பதில் சந்தோஷம்.

ஒன்று கேட்க வேண்டும். இது விசாரணை இல்லை. தண்ணீருக்குப் பயந்த குட்டியைத் தாய் உள்ளே இழுத்துப் போட்டாள் என்று எழுதி நிறுத்திவிட்டாய். அப்புறம் அது என்ன செய்தது? நீந்தியதா, மறுபடி கரைக்கே ஓடி வந்துவிட்டதா? ஆறு நிமிஷம் பார்த்திருக்கிறாய். எனக்கு ஒரு நிமிஷம்கூடச் சொல்லவில்லை. நேரம் இருக்கும்போது எழுது. முடிக்கிறவரை நான் குறுக்கே பேச மாட்டேன், கடிதத்தில் பேசவும் முடியாது.

கடைசி வரிக்கு வந்து, வழக்கம்போலக் கை தானாகக் கீழே போயிற்று. கையை எடுத்துவிட்டேன். கையெழுத்துப் போட்டால் மேலே எழுதியது எல்லாம் எனக்குத் தெளிவாகத் தெரியும் என்று ஆகிவிடும். தெரியாது. யார் எழுதியது என்று உனக்குத் தெரியாமலா போகும்? உறையை ஒட்டி, அப்படியே தபாலில் சேர்த்துவிடுகிறேன்.